ஒரே கம்பியில் பல குரல்கள்



பலர் கூடிய ஓரிடத்தில் பேச்சு ஒழுங்காக நடைபெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தலைவர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, அவர் பெயர் சொல்லி அழைத்த பின்னரே ஒவ்வொருவரும் வாய் திறப்பது ஒரு வழி. தலைவர் என ஒருவரும் இல்லாமல், ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டிருந்து, இருவர் ஒரே சமயத்தில் தொடங்கிவிட்டால் இருவருமே நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் தொடங்குவது மற்றொரு வழி. முன்னது சபைக்கு உரியது. பின்னது திண்ணைக்கு உரியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்குச் சபை முறையிலேதான் நம்பிக்கை மிகுதி. ஆயினும், ஒரு கட்டிடத்துக்குள் இருக்கும் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கலையின் வரலாற்றைப் பார்த்தால், அங்கே திண்ணை முறைதான் வென்றது. அது எவ்வாறு வென்றது, வென்ற பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

ஒரு கட்டிடத்துக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ அடங்கும் இத்தகைய இணைப்பைப் பாடப் புத்தகங்கள் குறும்பரப்பு வலையமைப்பு என்கின்றன. உங்கள் பள்ளியின் கணிப்பொறிக் கூடத்தில் அதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கணிப்பொறியின் முதுகிலிருந்தும் ஒரு கம்பி புறப்படுகிறது. கம்பிகள் எல்லாம் சுவரோரத்திலுள்ள தட்டையான பெட்டி ஒன்றில் போய்ச் சேருகின்றன. அப்பெட்டியில் சிறு பச்சை விளக்குகள் ஓயாமல் கண் சிமிட்டுகின்றன. பெட்டிக்குச் சுவிட்ச் என்று பெயர். இணைப்பு முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். பார்ப்பதற்கு இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் இதன் பிறப்பைத் தேடிப் போனால், கம்பியே இல்லாத ஓர் இடத்துக்கு, பசிபிக் கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேருவோம்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தலைமை இடம் ஓவாஹு தீவிலுள்ள ஹோனலூலு நகரில் இருக்கிறது. அதன் கிளைக் கல்லூரிகளோ வேறு தீவுகளிலும் சிதறிக் கிடந்தன. 1960-களின் இறுதியில் கணிப்பொறி என்பது ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பெரு யந்திரம். தொலைவில் உள்ளவர்கள் தட்டச்சுப் பலகையுடைய முனையம் ஒன்றின் வாயிலாக, தொலைபேசிக் கம்பி வழியே அதனோடு தொடர்பு கொள்வார்கள். கடல் சூழ்ந்த தீவுகளில் தொலைபேசி இணைப்பு செலவு மிக்கது; நம்பத்தக்கதும் அன்று. 1968-இல் நார்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியர் தம் குழுவினரோடு இதற்கு மாற்றுக் காணத் தொடங்கினார். இவர் கடலலைமீது பலகையேறிச் சறுக்கும் விளையாட்டில் பெருவிருப்பம் உடையவர். அந்த ஆசையே இவரை ஹவாய்க்கு இழுத்து வந்தது என்பர். கம்பியைக் கைவிட்டு வானொலி அலைகளைப் பயன்படுத்துவது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1971 ஜூன் மாதம் இயங்கத் தொடங்கிய அந்த அமைப்புக்கு, அத்தீவினர் ஒருவரையொருவர் வரவேற்கும் சொல்லையே பெயராக்கி, அலோஹா என்று அழைத்தார்கள்.

முனையங்கள் பல, ஆனால் அவை நடுநிலையத்தோடு பேசுவதற்கு இருந்த அலைவரிசை ஒன்றே ஒன்று. யார் எப்போது பேசுவது? ஒவ்வொரு முனையத்துக்கும் இவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால் முனையத்தின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பொழுது யோசித்துக்கொண்டிருப்பார். எப்பொழுதோ ஒருமுறைதான் ஒரு வரி தட்டுவார். பங்கிட்ட நேரம் வீணாகும். ஆகவே ஏப்ரம்சன் துணிந்து ஒரு காரியம் செய்தார். முறை வைப்பதையே விட்டுவிட்டார். சொல்ல வேண்டியது உடையவர், எண்பது எழுத்துக்கு மேற்படாத ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, உடனே அனுப்பிவிட வேண்டியது. பொட்டலம் பழுதில்லாமல் வந்து சேர்ந்தால் நடுநிலையம் ‘பெற்றேன்’ என்று மறுமொழி அனுப்பும். இரண்டு பொட்டலங்கள் வானில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இரண்டும் சிதைந்து போகும், மறுமொழி வராது. மறுமொழி பெறாத முனையம் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பும்.

அந்தச் ‘சிறிது நேரம்’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குறுகிய சந்தில் எதிர்ப்பட்ட இருவர், ஒருவருக்கொருவர் வழிவிட நினைத்து ஒரே பக்கமாக ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கமாக ஒதுங்கித் திண்டாடுவதை நாம் கண்டிருக்கிறோம். மோதிய இரு முனையங்களும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் அதே திண்டாட்டம்தான் நேரும். எனவே ஒவ்வொன்றும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், காத்திருக்கும் நேரத்தைத் தானே தற்செயலாகத் தேர்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். நடுநிலையத்தில் இப்பொட்டலங்களை வாங்கி மறுமொழி சொன்ன சிறு கணிப்பொறிக்கு மெனெஹுனே என்று பெயர். ஹவாய்க் கதைகளில் இரவோடு இரவாக வேலைகளை முடித்துவிடும் குள்ள மனிதர்களின் பெயர் அது.

எளிமைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருந்தது. இம்முறையில் அலைவரிசையின் நேரத்தில் மிகுதியாகப் போனால் 18 சதவீதத்துக்குச் சிறிது மேற்பட்ட பகுதிதான் உண்மையான செய்திக்குப் பயன்படும் என்று கணிதம் காட்டியது. அதற்கு மேலும் பேச முற்பட்டால் மோதல்கள் பெருகி, கடைசியில் எவர் குரலும் எவருக்கும் கேளாமற் போகும். வாயாடிகள் நிறைந்த திண்ணை எப்படியிருக்குமோ அப்படி.

இனி நாம் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போவோம். ராபர்ட் மெட்காஃப் என்னும் இளைஞர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சி நூல், கோட்பாட்டு ஆழம் போதாது என்று 1972-இல் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்குள் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் அவர் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அக்காலத்தில் ஒரு நாள் இரவு, வாஷிங்டனில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஏப்ரம்சனுடைய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. படித்த அவருக்கு ஒன்று உறுத்திற்று. பயனாளர்கள் மறுமொழி வந்தாலும் வராவிட்டாலும் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அக்கணக்கு எண்ணியிருந்தது. மனிதர் அப்படிச் செய்வதில்லையே. மறுமொழி வராவிடில் காத்திருப்பார்களே என்று மெட்காஃப் நினைத்தார். நெரிசல் மிகுந்தால் ஒவ்வொருவரும் மேலும் பொறுமை காட்டும்படி விதியை மாற்றினால் குலைவு நேராது என்பதை அவர் நிறுவினார். அந்த ஆராய்ச்சியைச் சேர்த்த பின் 1973-இல் அவருக்குப் பட்டம் கிடைத்தது.

ஜெராக்ஸ் நிலையத்தில் அப்போது ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கணிப்பொறி என்னும் எண்ணத்தோடு ஆல்டோ என்ற யந்திரத்தை உருவாக்கியிருந்தார்கள். கூடவே, நொடிக்கு ஒரு பக்கம் வீதம் அச்சிடும் லேசர் அச்சு யந்திரமும் அங்கே உருவாயிற்று. பல கணிப்பொறிகள் ஒரே அச்சு யந்திரத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனிக் கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கணிப்பொறிகளுக்கு 45 கம்பிகள் வேண்டும். நூறு கணிப்பொறிகளுக்கோ 4,950. கட்டிடம் முழுவதும் சிலந்திக் கூடாகிவிடும்.

1973 மே 22 அன்று மெட்காஃப் தம் அலுவலகத்தாருக்கு ஒரு குறிப்பு எழுதினார். எல்லா அறைகளின் வழியாகவும் செல்லும் ஒரே ஒரு கம்பி. அதை ஹவாயின் வானம்போல் யாவரும் பொதுவாகப் பயன்படுத்துவது. இதுவே அவர் கருத்து. அதற்கு அவர் இட்ட பெயர்தான் ஈதர்நெட். ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் கண்ணுக்குப் புலனாகாத பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1887-இல் மைக்கல்சன், மோர்லி என்னும் இருவர் நடத்திய புகழ்பெற்ற சோதனைக்குப் பின் அந்நம்பிக்கை தளர்ந்தது, பின்னர் மறைந்தது. விஞ்ஞானம் கைவிட்ட சொல்லை மெட்காஃப் எடுத்துக்கொண்டார். (ஒலியை ஆகாயத்தின் குணமாகச் சொல்லும் நம் பழைய தத்துவ நூல்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர்ப்பொருத்தம் இன்னும் இனிக்கும்.) கம்பி என்று சொல்லாமல் இயன்றவரை ஈதர் என்றே சொல்லிவருவது நல்லது என்று அக்குறிப்பிலேயே அவர் எழுதியிருந்தார். இச்சிறு முன்யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதிவிட்டால் யந்திரம் இயங்கிவிடுமா? டேவிட் பாக்ஸ் என்னும் மாணவர் அப்போது அந்நிலையத்தில் பயிற்சிக்கு வந்திருந்தார். சிறு வயதிலிருந்தே சொந்த வானொலி நிலையம் அமைத்துப் பேசிப் பழகிய கைத்திறனாளர். அடித்தளச் சோதனைச்சாலையில் நீண்ட கம்பி ஒன்றோடு போராடிக்கொண்டிருந்த மெட்காஃபைக் கண்டு அவரோடு சேர்ந்துகொண்டார். சுற்றுகளை அமைத்துப் பற்றவைத்து, பழுது நீக்கி, 1973 நவம்பர் 11 அன்று அதை ஓடவைத்ததில் பாக்ஸின் பங்கு பெரிது. 1976-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையிலும், 1977-இல் கிடைத்த காப்புரிமையிலும் அவர் பெயர் உண்டு. ஆயினும் உலகம் மெட்காஃபின் பெயரையே பெரிதும் அறியும். கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருதின் 2022-ஆம் ஆண்டுக்குரியது மெட்காஃபுக்குக் கிடைத்தது. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பாக்ஸ் காலமாகிவிட்டார். எழுதியவர் பெயர் நிற்பதும் பற்றவைத்தவர் பெயர் மங்குவதும் விஞ்ஞான வரலாற்றில் புதிதல்ல. ஆனாலும் வரலாறு படிக்கும் மாணவர்கள் இரு பெயர்களையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும்.

அந்த முதல் ஈதர்நெட்டில் நொடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட்டுகள் சென்றன. கம்பியோ, வீடுகளுக்குத் தொலைக்காட்சி கொண்டுசெல்லும் கோஆக்சியல் கேபிள். நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதன்மேல் உலோக வலை. ஹவாய் முறையைவிட இங்கே ஒரு வசதி இருந்தது. கம்பியில் வேறொருவர் குரல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கணிப்பொறியும் கேட்டறிய முடியும். எனவே விதிகள் செம்மையாயின. பேசுமுன் கேள், பிறர் பேசினால் பொறு. பேசும்போதும் கேட்டுக்கொண்டே இரு. மோதல் தெரிந்தால் உடனே நிறுத்து. பிறகு சீட்டுப் போட்டுக் காத்திரு. பின்னாளில் வகுத்த தரவிதிப்படி, முதல் மோதலுக்குப் பின் காத்திருக்கும் அளவை 0, 1 என்னும் இரண்டில் ஒன்றாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாம் மோதலுக்குப் பின் 0 முதல் 3 வரை. மூன்றாவதற்குப் பின் 0 முதல் 7 வரை. இவ்வாறு இரட்டித்துக்கொண்டே 1,023 வரை போகும். பதினாறு முறை முயன்றும் இயலாவிட்டால் அந்த யந்திரம் அம்முயற்சியைக் கைவிடும். கட்டளையிடுவோர் எவரும் இல்லை. கட்டுப்பாடு ஒவ்வொரு யந்திரத்துக்குள்ளும் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நீண்ட கம்பியின் ஒரு கோடியில் நான் பேசத் தொடங்குகிறேன். என் குரல் மறு கோடியை அடையும் தறுவாயில் அங்கே ஒருவர் பேசத் தொடங்குகிறார். மோதல் நேர்ந்த செய்தி என்னிடம் திரும்பி வருவதற்குள் நான் பேசி முடித்துவிட்டால், என் பேச்சு சிதைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆகையால், குரல் போய்த் திரும்பும் நேரம் வரையிலாவது நான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் ஈதர்நெட்டுக்கு அந்நேரத்தை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 51.2 பங்கு என்று வரையறுத்தார்கள். அதற்குள் 512 பிட்டுகள், அதாவது 64 பைட்டுகள் சென்றுவிடும். எனவே எந்தப் பொட்டலமும் 64 பைட்டுக்குக் குறையலாகாது என்பது விதியாயிற்று. சொல்ல வேண்டியது ஒரே எழுத்தானாலும், நெல்லோடு பதரைச் சேர்த்து மூட்டை கட்டுவதுபோல் நிரப்பித்தான் அனுப்ப வேண்டும்.

1979-இல் மெட்காஃப் ஜெராக்ஸை விட்டு விலகித் த்ரீகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் தூண்டுதலால் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் என்னும் மூன்று நிறுவனங்கள் கூடி, 1980 செப்டம்பர் 30 அன்று ஈதர்நெட்டின் விதிகளை நூலாக வெளியிட்டன. சிறு கட்டணம் செலுத்தி எவரும் இக்கருவிகளைச் செய்யலாம் என்று வழி திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் மின்பொறியாளர் சங்கமாகிய ஐ.இ.இ.இ. உலகுக்கெல்லாம் பொதுவான ஒரே தரவிதியை வகுக்கக் குழு அமைத்தது. ஆனால் குழுவில் ஒற்றுமை ஏற்படவில்லை. தொழிற்சாலைக்காரர் ஒன்று கேட்டனர், ஐ.பி.எம். நிறுவனம் ஒன்று கேட்டது. ஈதர்நெட் அணியினர் தம்முடையதையே கேட்டனர். முடிவில், ஒன்றை வகுக்கக் கூடிய குழு மூன்றை வகுத்துவிட்டது. ஈதர்நெட்டுக்கு 1983-இல் ஒப்புதல் கிடைத்தது. ஆயினும் ஒரு நிறுவனத்தோடு தொடர்புடைய பெயராயிற்றே என்று தரவிதியின் தலைப்பில் அப்பெயரைச் சேர்க்கவில்லை.

ஐ.பி.எம். நிறுவனம் முன்வைத்தது சபை முறை. அதற்கு டோக்கன் ரிங் என்று பெயர். கணிப்பொறிகள் வட்டமாக இணைக்கப்பட்டிருக்கும். வட்டத்தில் ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு, கைமாறிக்கொண்டே இருக்கும். சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். பேசி முடித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். சீட்டு காணாமற் போனால் புதிது ஒன்று வெளியிட ஒரு கண்காணிப்பாளரும் உண்டு. 1985-இல் நொடிக்கு 40 லட்சம் பிட் வேகத்திலும், 1989-இல் ஒரு கோடியே 60 லட்சம் பிட் வேகத்திலும் இது விற்பனைக்கு வந்தது.

இம்முறையைச் சிலர் இன்று எள்ளி நகையாடுகிறார்கள். அது நியாயமன்று. டோக்கன் ரிங்கில் தன் முறை எவ்வளவு நேரத்துக்குள் வரும் என்பதை ஒவ்வொரு கணிப்பொறிக்கும் உறுதியாகச் சொல்ல முடியும். ஈதர்நெட்டில் அந்த உறுதி இல்லை. துரதிருஷ்டம் மிகுந்தால் ஒரு யந்திரம் பேச வாய்ப்பே இல்லாமல் நிற்கவும் கூடும். வங்கியிலும் தொழிற்சாலையிலும் பொறுப்பு ஏற்றவர்கள் இதைக் கண்டு அஞ்சியதில் வியப்பு என்ன? ஆனால் அச்சம் அளவு கடந்தும் போயிற்று. 37 சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றினால் ஈதர்நெட் நின்றுவிடும் என்ற பேச்சு பரவியது. 1988-இல் டேவிட் பாக்ஸும் அவருடைய சகாக்கள் இருவரும் உண்மையான கம்பியில் இருபத்துநான்கு கணிப்பொறிகளை இணைத்துச் சோதித்தார்கள். பெரிய பொட்டலங்களை அனுப்பும்போது கம்பியின் திறனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயன்படுவதை அளந்து காட்டினார்கள். மிக மோசமான நிலைக்கென்று போட்ட கணக்கை எல்லா நிலைக்கும் உரியதாகப் பிறர் எடுத்துக்கொண்டதே அப்பேச்சுக்குக் காரணம்.

அளவீடு ஒருபுறம் இருக்க, வெற்றியைத் தீர்மானித்தது விலையே என்பது என் கருத்து. பலர் செய்து போட்டியிட்டு விற்றதால் ஈதர்நெட் அட்டை மலிவாயிற்று. டோக்கன் ரிங் அட்டையில் நுட்பம் மிகுதி, செய்தவர் குறைவு, விலை இறங்கவில்லை.

ஈதர்நெட்டுக்கும் ஒரு பெரிய தொல்லை இருந்தது. அது கம்பி. முதலில் வந்த கேபிள் விரல் பருமன் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். ஒரு துண்டு 500 மீட்டருக்கு மேற்படலாகாது. இணைப்பு எங்கே கொடுக்கலாம் என்பதற்கு 2.5 மீட்டருக்கு ஒரு கரும்பட்டை அடையாளம். அந்த இடத்தில் ஊசியுடைய ஒரு கவ்வியைத் திருகினால், ஊசி உறையைத் துளைத்து நடுக்கம்பியைத் தொடும். இரத்தம் உறிஞ்சும் பேயாகிய வாம்பயரின் பெயரை இதற்கு வைத்தார்கள். பின்னர் வந்த மெல்லிய கேபிள் மலிவானது. ஒரு கணிப்பொறியிலிருந்து அடுத்ததற்கு ‘டி’ வடிவ இணைப்பியால் மாலைபோல் தொடுத்துச் செல்வது. கோடிகள் இரண்டிலும் 50 ஓம் தடை பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் குறிகை கோடியில் முட்டி எதிரொலியாகத் திரும்பிவிடும். இதன் குணத்தை நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நேரிலே கண்டேன். திருவிழாச் சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் எல்லாம் அணைவதுபோல, ஒரு மாணவன் கால் பட்டு ஓர் இணைப்பி நெகிழ்ந்தால் போதும். கூடம் முழுவதும் ஊமையாகும். பழுது எந்த மேசையின் கீழ் என்று தேடுவதிலேயே பாதி நேரம் கழியும்.

இத்தொல்லையைத் தீர்த்தது தொலைபேசிக் கம்பி. இரண்டு மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் மின்தொந்தரவு இரண்டையும் ஒரே அளவாகத் தாக்கும். வேறுபாட்டை மட்டும் படிக்கும் கருவிக்கு அத்தொந்தரவு தெரியாமற் போகும். இவ்வுண்மையைக் கண்டு 1881-இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல். நூறாண்டுக்குப் பின், ஜெராக்ஸ் நிலையத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் 1985-இல் தொடங்கிய சினாப்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள், ஈதர்நெட்டை முறுக்கிய கம்பியில் செலுத்தினார்கள். 1990-இல் இது தரவிதியாயிற்று. நீண்ட கேபிள் போய், ஹப் என்னும் சிறு பெட்டி வந்தது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அதிலிருந்து தனிக் கம்பி, 100 மீட்டருக்கு மேற்படாமல். ஒரு கம்பி அறுந்தால் ஒருவருக்கு மட்டுமே நஷ்டம். நட்சத்திரம் போன்ற இந்த அமைப்பில் டோக்கன் ரிங்குக்கு ஐ.பி.எம். முன்பே கம்பி இழுத்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்று கம்பி நுனியில் ஆர்ஜே 45 முளையைப் பொருத்தும் இளைஞர், வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று எட்டு நிறங்களை வாய்ப்பாடுபோல் ஒப்பிப்பதைக் கேட்கலாம். அந்நான்கு ஜோடிகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டவை. ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கசியாமலிருக்கவே அப்படி.

ஹப் என்பது அறிவில்லாத பெட்டி. ஒரு வாயில் கேட்டதை மற்ற எல்லா வாயிலும் அப்படியே திருப்பிச் சொல்லும். பொதுக்கம்பி அந்தப் பெட்டிக்குள் சுருங்கியதே தவிர மறையவில்லை. மோதலும் அப்படியே இருந்தது. இதற்கிடையே, இரண்டு கம்பிகளை இணைக்கும் பாலங்கள் தோன்றியிருந்தன. அவை பொட்டலத்தின் முகவரியைப் படித்து, வேண்டியதை மட்டுமே மறுபுறம் விடும். பாலங்கள் பல சேர்ந்து வட்டமாகிவிட்டால் ஒரே பொட்டலம் முடிவின்றிச் சுற்றிச் சுற்றி வரும் அபாயம் உண்டு. டிஜிட்டல் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் இதற்குத் தீர்வு கண்டார். பாலங்கள் தம் எண்களை ஒன்றுக்கொன்று அறிவித்து, மிகச் சிறிய எண்ணுடையதை வேராகக் கொண்டு, கிளைத்த மரம்போல் தாமே அமைந்துகொள்ளும். மிகுதியான வழிகளைத் தாமே அடைத்துவிடும். இதை விளக்கிய கட்டுரையின் முகப்பில் சுருக்கத்துக்குப் பதிலாக அவர் ஒரு சிறு கவிதை எழுதி வைத்தார். விஞ்ஞானக் கட்டுரைகளில் இது அருமையினும் அருமை.

பாலத்துக்குப் பல வாய்கள் வைத்தால் அதுவே சுவிட்ச். முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் உங்களுக்கு வியப்பளிக்கும்: கல்பனா. அதை நிறுவிய இருவரில் இந்திய வமிசத்தவரான வினோத் பரத்வாஜின் மனைவியின் பெயர் அது, பொருள், கற்பனை. அந்த சுவிட்சுக்கு ஏழு வாய்கள். 1994-இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது? எந்த வாயில் எந்த முகவரியிலிருந்து பேச்சு வருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் ஏட்டில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு வரும் பொட்டலத்தை அந்த வாயில் மட்டும் விடும். அறியாத முகவரியானால் எல்லா வாயிலும் விட்டுப் பார்க்கும். நல்ல தபால்காரர் புதிய தெருவைக் கற்றுக்கொள்வது இப்படித்தான்.

இனி ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிப் பாதை. போவதற்கும் வருவதற்கும் வெவ்வேறு ஏற்பாடு. பிறர் பேசுகிறார்களா என்று கேட்க வேண்டியதில்லை, மோதல் இல்லை, சீட்டுப் போடுவதும் இல்லை. 2002-இல் வகுக்கப்பட்ட, நொடிக்கு ஆயிரம் கோடி பிட் செல்லும் ஈதர்நெட் தரவிதியில் அந்தப் பழைய விதிகளுக்கு இடமே தரப்படவில்லை. திண்ணை முறை சபை முறையை வென்றது. வென்ற பின்னர்த் திண்ணையே இடிக்கப்பட்டது. கம்பி மாறிற்று, வேகம் மாறிற்று, உருவம் மாறிற்று, உயிர்நாடி எனக் கருதிய விதியும் மாறிற்று. இவ்வளவும் மாறியும் பெயர் மட்டும் ஈதர்நெட் என்றே நிற்கிறது. கம்பியின் பெயரை மெட்காஃப் அன்றே இட்டிருந்தால் அது கம்பியோடு போயிருக்கும்.

பெயரோடு சேர்ந்து நின்றவை பொட்டலத்தின் வடிவமும் முகவரியும். ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமுள்ள ஓர் எண் பொறிக்கப்படுகிறது. முற்பாதி செய்த நிறுவனத்தைக் குறிக்கும். பிற்பாதி அந்த அட்டைக்கே உரியது. ஏறத்தாழ 281 லட்சம் கோடி எண்கள் இதில் அடங்கும். சில நூறு கணிப்பொறிகளே கண்ணில் பட்ட காலத்தில் இவ்வளவு பெரிய எண் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். இது ஏன் வேண்டும் என்பதை 1981-இல் கட்டுரையாக எழுதி விளக்கிய இருவரில் ஒருவர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற யோகன் தலால். உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசிக்கும் அத்தகைய எண் ஒன்று உண்டு. அந்த 64 பைட் விதியும் போகவில்லை. மோதலே நேராத கம்பியிலும், சொல்ல வேண்டியது சிறிதானால் பதரிட்டு நிரப்பித்தான் பொட்டலம் போகிறது.

பழைய விதிகள் முற்றிலும் மறைந்தனவா என்றால், அதுவும் இல்லை. 1997-இல் கம்பியில்லா வலையமைப்புக்குத் தரவிதி வந்தது; வைஃபை என்று நாம் அழைப்பது அதைத்தான். தொடக்கத்தில் அதன் வேகம் நொடிக்கு 20 லட்சம் பிட். வானத்துக்குத் தனித்தனிப் பாதை போட முடியாது. ஒரே அலைவரிசையை யாவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அன்றியும், வானொலியில் பேசுகிறவருக்குத் தம் குரலின் உரப்பில் பிறர் குரல் கேளாது. ஆகவே பேசும்போதே மோதலை அறிவதும் இயலாது. எனவே வைஃபை கருவி பேசுமுன் கேட்கிறது; அமைதி நிலவினாலும் சீட்டுப் போட்டுச் சிறிது பொறுக்கிறது; பிறகு பேசிவிட்டு, ‘பெற்றேன்’ என்னும் மறுமொழிக்குக் காத்திருக்கிறது. மறுமொழி வராவிட்டால் மேலும் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புகிறது. 1971-இல் ஹவாய்த் தீவின் முனையம் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

உங்கள் கல்லூரிக் கூடத்தின் கூரையில் பொருத்தியிருக்கும் வெள்ளை நிற வைஃபை பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். முன்புறம், வானத்தின் பக்கம், அது நாற்பது கைப்பேசிகளுக்கு நடுவே கேட்டும் பொறுத்தும் பேசிக்கொண்டிருக்கும். பின்புறம் ஒரு கம்பி சுவருக்குள் இறங்கிச் சுவிட்சுக்குப் போகிறது. அங்கே எவரும் எவருக்காகவும் காத்திருப்பதில்லை.